கல் கழிவு போக

ஞாயிறு ஆராதனை முடிந்து
விளாங்குடிச் சபையின் வெஸ்ட்ரி அறையில்
காணிக்கைப் பையைக் கவிழ்க்கிறோம்
நானும் தவசிக்கனியும்.
அவர் சில்லறை, நான் நோட்டு.
கசங்கியதை நீவி,
தலைகளை ஒரே பக்கம் திருப்பி,
வேலை நாளின் பழக்கம்
ஓய்வு நாளிலும் விரலை விடுவதில்லை.

பத்து, இருபது,
செல்லாத பழைய ஐநூறு ஒன்று
(ஆண்டவரிடமும் மாற்றப் பார்த்திருக்கிறார்கள்),
பிள்ளைகளின் ஒற்றை ரூபாய்கள்,
அப்புறம்
வெல்வெட்டு மடிப்பில் மாட்டிக்கொண்டு
வெளியே வர மாட்டேன் என்று
ஒரு தோடு.

ஒன்றே ஒன்று.
திருகாணி கடைசி மரை வரை முடுக்கியிருந்தது.
தவறி விழுந்த தோட்டில்
திருகாணி இருக்காது.

உள்ளங்கையில் வைத்ததும் கை தானாகச் சொன்னது:
ஒரு கிராம் எழுநூறு.
நடுவில் சிவப்பு, சுற்றி ஆறு வெள்ளை,
கல் கழிவு போக ஒன்று நானூறு.
சிம்மக்கல் நகைக்கடன் கம்பெனியில்
பதினாறு வருடமாய் உரைகல்லோடு உட்கார்ந்திருப்பவன் நான்.
முகங்கள் மறந்துபோகும்,
நகைகள் மறப்பதில்லை.
இது எப்சிபாவுடையது.
யானைக்கல் முனையில் சாயங்காலம்
பருத்திப்பால் விற்கிறவர்.
மூன்று முறை என்னிடம் வந்து
மூன்று முறையும் மீண்டு போன ஜோடி:
மகள் பீஸுக்கு ஒரு தடவை,
பெரியாஸ்பத்திரிக்கு இரண்டு தடவை.

"கணக்குல எப்படிண்ணே எழுத?"
தொகை என்ற கட்டத்தில் பேனா நின்றது.
அன்றைய விலையால் பெருக்கினால் வருவது ஒன்று,
அவர் போட்டது வேறொன்று.
'தோடு ஒன்று' என எழுதிக்
கட்டத்தைக் காலியாய் விட்டேன்.
ஆடிட்டர் கேட்பார்.
கேட்கட்டும்.

என் காணிக்கையையும் சொல்லிவிடுகிறேன்.
தசமபாகம் தவறியதில்லை.
பி.எஃப். போக,
வீட்டுக்கடன் போக,
சீட்டுப் பணம் போக
மிஞ்சுவதில் பத்தில் ஒன்று.
கழிவு பார்ப்பது எனக்குக் கைவந்த கலை.

புதன்கிழமை
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் எப்சிபா.
காதுத் துளைகளில் வேப்பங்குச்சி.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து
மற்றத் தோட்டைத் தட்டில் வைத்தார்.

ஒற்றையாய் வந்தால் கேட்கவேண்டியது விதி.
"ஜோடி எங்கம்மா?"

"அதுக்கு வட்டி கிடையாது சார்.
இதுக்கு எவ்வளவு தருவீங்க, அதச் சொல்லுங்க.
கருப்பட்டி எடுக்கணும்,
கடைக்காரன் பன்னிரண்டு மணிக்குச் சாத்திருவான்."

மூன்று ராத்திரி ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்:
அம்மா, உங்க மனசு போதும் அவருக்கு,
இதைத் திருப்பி எடுத்துக்கோங்க என்று.
என்ன கனிவான வாசகம்!
சொந்தக் காசு ஒரு பைசா செலவில்லாமல்.
அவருக்கு எது போதும் என்று
நிறுத்துச் சொல்ல
என் தராசுக்கு முத்திரை குத்தியது யார்?
வாயை மூடிக்கொண்டு கல்லில் உரசினேன்.
மஞ்சள் கோடு விழுந்தது.
அமிலத்துளி தொட்டும் கலையவில்லை.

ரசீதை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகி
அவசரமாய்ப் படியிறங்கிப் போனார்,
எதையும் இழந்தவர் நடை இல்லை அது.
பெற்றவர் நடையும் இல்லை.
கருப்பட்டி வாங்கப் போகிறவர் நடை.

இப்போது
ஒரு தோடு சபையின் இரும்புப் பெட்டியில்,
ஒன்று கம்பெனி லாக்கரில்.
இரண்டுக்கும் சாவி என் சட்டைப்பையில்.
உக்கிராணக்காரன் என்று பிரசங்கத்தில் வரும்போதெல்லாம்
அது ஏதோ ராஜா காலத்து உத்தியோகம்
என்றே நினைத்திருந்தேன்.

அன்றிரவு பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி பையைத் தடவினேன்.
எந்தச் சாவி எந்தப் பெட்டிக்கு என்று
தொட்டாலே தெரியும் எனக்கு.

ஆற்றுப் பாலம் தாண்டும்வரை
தெரியவில்லை.